சிலந்திகள் (1919): அந்தத் தங்கம் யாருக்கு வேண்டியிருந்தது?

கரிசல்காடு எழுதியது:

வணக்கம் மக்களே. ஊமைப்படம் என்றாலே நம்மில் பாதிப் பேருக்கு சாப்ளினோடு கதை முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு ஜெர்மன் இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங் என்றால் 'மெட்ரோபோலிஸ்' மட்டும்தான். அவர் அதற்கு எட்டு வருடம் முன்பு எடுத்த புதையல் படம் ஒன்று இருக்கிறது. 'டீ ஷ்பின்னன்', நம் மொழியில் 'சிலந்திகள்'. நேற்று ராத்திரி பார்த்து முடித்தேன், இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இரண்டு பாகம். 'பொன் ஏரி' 1919 அக்டோபரிலும் 'வைரக் கப்பல்' 1920 பிப்ரவரியிலும் வெளிவந்தன. லாங் இயக்கிய முதல் இரண்டு படங்கள் இன்று இல்லை. மிச்சம் இருப்பதில் மூத்த பிள்ளை இந்தப் 'பொன் ஏரி'தான். இதுவும் தொலைந்துவிட்டது என்றே ரொம்ப நாள் நம்பியிருக்கிறார்கள். 1970களில் பிரதி கிடைத்து, டேவிட் ஷெப்பர்ட் என்பவர் 1978இல் மீட்டெடுத்தார்.

கதை எளிது. கடலோரப் பாறையில் தாடி வளர்ந்த ஒரு கிழவர், ஒரு பாட்டிலைத் தண்ணீரில் எறிகிறார். எறிந்த கை இறங்கும் முன்னே முதுகில் அம்பு. அவ்வளவுதான், ஆள் காலி. பாட்டில் மட்டும் மிதந்து போகிறது. அது சான் பிரான்சிஸ்கோவில் கே ஹூக் என்கிற பணக்கார விளையாட்டு வீரன் கையில் சிக்குகிறது. தென் அமெரிக்காவின் பழைய குடிகளான இன்காக்களின் கடைசிக் கூட்டம் ஒன்று எங்கோ மறைந்து வாழ்கிறது, அங்கே தங்கம் குவிந்து கிடக்கிறது என்பது செய்தி. இவன் கிளப்பில் போய் நாலு பேர் கேட்கச் சொல்கிறான்: "படகுப் போட்டிக்கு நான் வரவில்லை, இதைத் தேடிப் போகிறேன்" என்று. கேட்ட நாலு பேரில் ஒருத்தி லியோ ஷா. 'சிலந்திகள்' என்கிற கொள்ளைக் கும்பலின் தலைவி. அப்புறம் என்ன, இரண்டு கூட்டமும் ஓட்டம்தான்.

இதில் என்னைத் தூங்கவிடாத சங்கதி ஒன்று. கும்பலுக்குத் தங்கம் வேண்டும், சரி. ஹூக்குக்கு எதற்கு? அவனிடம்தான் எல்லாம் இருக்கிறதே. பொழுது போகாமல் கிளம்புகிறான். பேராசைப் படம் என்று இதைச் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ படத்தின் பெரிய பேராசைக்காரன் அவன்தான் என்று படுகிறது. உங்களுக்கு?

சுண்டல்காரி எழுதியது:

அண்ணா, நீங்கள் போன வாரம் சொன்னபோதே போட்டுப் பார்த்தேன். இருபது நிமிஷத்தில் தூங்கிவிட்டேன். எல்லாரும் கொதிக்கிற தார் ரோட்டில் செருப்பில்லாமல் நடப்பது போல் துள்ளித் துள்ளி ஓடுகிறார்கள். கையை ஆட்டினால் விசிறி மாதிரி இருக்கிறது. அம்பு விழுந்த கிழவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பாவம்.

அப்புறம் இது எல் டொராடோ கதைதானே? இன்கா ராஜா உடம்பெல்லாம் தங்கப்பொடி பூசிக்கொண்டு ஏரியில் குதிப்பாரே, அதுதானே பொன் ஏரி?

நாலாம் காட்சி எழுதியது:

சுண்டல்காரி, தப்பு படத்தின் மேல் இல்லை, நீங்கள் பார்த்த பிரதியின் மேல்.

எங்கள் அப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். அதனால் இந்த விஷயத்தில் மட்டும் வாய் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துக் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்குப் பதினாறு, பதினெட்டு, இருபது சட்டம் (ஃபிரேம்), ஆள் கையைப் பொறுத்து. இருபத்துநாலு என்பது ஒலி வந்த பிறகு, சத்தம் பிசிறாமல் இருக்க வேண்டுமே என்று நிலைத்த கணக்கு. பதினெட்டில் எடுத்ததை இருபத்துநாலில் ஓட்டினால் மகாத்மா காந்தியே குடுகுடு என்று ஓடுவார். இந்தப் படத்துக்கே ஒவ்வொரு வெளியீட்டிலும் ஓடும் நேரம் வேறு வேறாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மெதுவாக ஓடும் பிரதியைப் பாருங்கள். மூன்று மணி நேரத்தை நெருங்கும். ஆனால் மனிதர்கள் மனிதர்களாக நடப்பார்கள், கிழவர் கண்ணியமாகச் சாவார்.

கரிசல் தம்பியின் கேள்விக்கு: பேராசை பற்றிய காட்சி என்றால் எனக்கு அந்த மெழுகுவர்த்திதான். கும்பல்காரர்கள் குகைக்குள் தங்கத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். கண்ட அடுத்த நிமிஷமே ஒருத்தனை ஒருத்தன் அடித்துக்கொள்கிறார்கள். அங்கே இன்காக்கள் புனிதமாக வைத்திருக்கிற ஒரு மெழுகுவர்த்தி. ஏற்றக்கூடாது. இந்த மடையர்களுக்கு வெளிச்சம் வேண்டும், ஏற்றிவிடுகிறார்கள். இவர்கள் கட்டிப் புரள்கிறார்கள், அது பாட்டுக்கு எரிந்து தேய்கிறது. பார்க்கிற நமக்கு அது கடிகாரம். அவர்களுக்கு வெறும் வெளிச்சம். அப்புறம் வெள்ளம் புகுந்து எல்லாரையும் வாரிக்கொண்டு போகிறது. பிற்காலத்தில் லாங் 'எம்' படத்தில் ஒரு பலூனையும் ஒரு விசில் சத்தத்தையும் வைத்துச் செய்த வேலைக்கு விதை இங்கே இருக்கிறது.

கணக்கன் எழுதியது:

கரிசல்காடு, கொஞ்சம் அதிகமாக யோசிக்கிறீர்கள். இது வாரத் தொடர் படங்களின் வழிவந்த சரக்கு. பிரான்சில் 1915-16இல் ஃபெய்யாத் 'லே வாம்பீர்' எடுத்தார், கறுப்பு உடுப்புத் திருடி, ரகசியக் கும்பல், எல்லாம் அதிலேயே இருக்கிறது. லாங் அதை அமெரிக்கச் சாகசத்தோடு கலந்து கொடுத்தார், ஓடியது. நாலு பாகம் திட்டம், இரண்டோடு நின்றது. அதில் போய் நாயகனின் உள்மனசைத் தேடலாமா?

யார் பார்த்தார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். 1914 ஜூலையில் ஒரு டாலருக்கு 4.2 மார்க், அதாவது ஜெர்மன் நாணயம். 1920 ஜனவரியில் கிட்டத்தட்ட 65. ஜெர்மனி மேல் நேச நாடுகள் போட்ட கடல் முற்றுகை 1919 ஜூலையில்தான் நீங்கியது. உருளைக்கிழங்கு கிடைக்காமல் மாட்டுக்குப் போடும் டர்னிப் தின்று ஒரு குளிர்காலத்தைக் கழித்த ஜனங்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு கே ஹூக் யார்? பை நிறைய டாலர் வைத்திருக்கிற அமெரிக்கன். பணத்தைப் பற்றி ஒரு நொடிகூடக் கவலைப்படாதவன். அதைப் பார்க்கத்தான் போனார்கள். அவனைப் பேராசைக்காரன் என்று அன்று பெர்லினில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கரிசல்காடு எழுதியது:

கணக்கன் சார், மார்க் கணக்கு அருமை. ஆனால் ஓடிய படத்துக்கு உள்மனசு இருக்கக்கூடாது என்று யார் சொன்னது?

முதல் பாகத்தின் முடிவைப் பாருங்கள். (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். நூறு வருடப் படத்துக்கு இதற்கு மேல் ரகசியம் காக்க முடியாது.) ஹூக் தங்கத்தோடு திரும்பவில்லை. நேலா என்கிற சூரியக் கோயில் பூசாரிப் பெண்ணைக் கூட்டி வந்துவிடுகிறான். லில் டாகோவர் நடித்திருக்கிறார், 'காலிகாரி' என்கிற புகழ்பெற்ற ஜெர்மன் ஊமைப்படத்தில் வருபவரேதான். தன் ஊர், தன் சாமி, தன் ஜனம் எல்லாவற்றையும் விட்டு அவள் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வீட்டில் இருக்கிறாள். லியோ ஷா வந்து ஹூக்கிடம் காதலைச் சொல்கிறாள், இவன் மறுக்கிறான். பிறகு வெளியே போய்த் திரும்பினால் நேலா செத்துக் கிடக்கிறாள். உடம்பின் மேல் ஒரு சிலந்திப் பொம்மை.

அங்கே லாங் பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் பண்ணவில்லை. பலூன், பாராசூட், பலிபீடம் என்று ஒரு மணி நேரம் நம்மை உலுக்கியவர், இங்கே அடங்கிப் போகிறார். அதனால்தான் கேட்கிறேன். கும்பல் தங்கத்துக்காகப் போனது, வெள்ளத்தில் அழிந்தது. கணக்கு நேர். இவன் சும்மா வேடிக்கைக்குப் போனான். அதற்கு விலை கொடுத்தது யார்?

இரவுக்கழுகு எழுதியது:

சுண்டல்காரியின் எல் டொராடோ கேள்வியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். அது இரண்டு வேறு ஊர்க் கதை. உடம்பில் தங்கம் பூசிய தலைவன் இன்கா இல்லை, முய்ஸ்கா. இன்றைய கொலம்பியாவில், பொகோட்டாவுக்கு வடக்கே மலை மேல் குவாட்டவிட்டா என்று ஒரு சின்ன வட்ட ஏரி. பதவி ஏற்கும் தலைவன் தெப்பத்தில் நடு ஏரிக்குப் போய்த் தங்கத்தையும் மரகதத்தையும் தண்ணீரில் போடுவான் என்பது அங்குள்ள வழக்கம். இன்காக்கள் பெரு நாட்டுப் பக்கம். படம் இரண்டையும் போட்டுக் குழப்புகிறது, கோயில் சுவரோ மெக்சிகோவை ஞாபகப்படுத்துகிறது. ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு செய்தால் அப்படித்தான்.

ஆனால் நிஜக் குவாட்டவிட்டா கதை இந்தப் படத்தைவிட நல்ல பேராசைப் படம். 1545இல் ஸ்பானியர்கள் ஆட்களை வரிசையாக நிறுத்தி, சுரைக்குடுக்கையால் தண்ணீர் இறைத்தார்கள். மூன்று மாதம் இறைத்து மூன்று மீட்டர் இறங்கியது. ஓரத்தில் கொஞ்சம் தங்கம். அடுத்து 1580 வாக்கில் பொகோட்டா வியாபாரி அந்தோனியோ தெ செபுல்வெதா ஏரியின் கரையையே வெட்டிவிட்டார். தண்ணீர் இருபது மீட்டர் இறங்கியது, அப்புறம் வெட்டிய இடம் சரிந்து வேலையாட்கள் நிறையப் பேர் செத்தார்கள். அவரும் கடைசியில் ஏழையாகத்தான் செத்தார். அந்த வெட்டு இன்றும் மலையில் வி எழுத்து மாதிரி தெரிகிறது.

சுவாரசியம் இனிமேல்தான். நம் படம் வருவதற்குச் சில வருடம் முன்பு ஒரு பிரிட்டிஷ் கம்பெனி சுரங்கம் தோண்டி ஏரியை அடியோடு வடித்தது. அடியில் இடுப்பளவு சேறு, கால் வைக்க முடியாது. சரி, காயட்டும் என்று விட்டார்கள். வெயிலில் அது சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது, கடப்பாரை இறங்கவில்லை. ஏரி மறுபடி நிரம்பிவிட்டது. அவ்வளவு செலவுக்கும் கிடைத்த பொருளின் மதிப்பு 500 பவுண்டு அளவில்தான். 1965இல் கொலம்பிய அரசு இனி யாரும் கை வைக்கக்கூடாது என்று பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. 1969இல் என்ன ஆயிற்று தெரியுமா? தங்கத் தெப்பம் ஒன்று கிடைத்தது, தலைவனும் ஆட்களும் நிற்க, உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம் போல. ஏரியில் இல்லை. பாஸ்கா என்கிற ஊர்ப் பக்கம் ஒரு குகைக்குள், விவசாயிகள் கண்ணில் பட்டது. இப்போது பொகோட்டா தங்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நானூறு வருடம் தேடியவனுக்கு இல்லை, வேறு வேலையாகப் போனவனுக்கு ஆம்.

சுண்டல்காரி எழுதியது:

கழுகு சார், இதைச் சினிமாவாக எடுத்திருந்தால் நான் தூங்கியிருக்கவே மாட்டேன்.

தெகிவளையான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இழையை மூன்று நாளாய்ச் சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு விசயம் சொல்லத்தான் வந்தனான்.

இந்தப் படத்தின்ரை இன்கா ஊர் எங்கே எடுத்தது தெரியுமோ? ஹம்பர்க்கில், ஹாகன்பெக்கின் மிருகக்காட்சிச்சாலையில். ஷ்டெல்லிங்கனில் 1907இல் திறந்தது. கம்பிக் கூடு இல்லாமல், அகழி வெட்டி, செயற்கைப் பாறை கட்டி, மிருகங்களை வெளியாய் விட்டுக் காட்டிய முதல் ஆட்கள் அவை. பாறையும் பாம்பும் செடிகொடியும் வேறு எங்கேயும் தேடப் போகத் தேவையில்லை, எல்லாம் கைக்கெட்டின தூரத்தில். படத்தில் வருகிற சிலைகள், சாமான்களுக்கும் ஹம்பர்க்காரர்தான் பொறுப்பு. ஹைன்ரிச் உம்லாவ்ஃப் என்று, பிற நாட்டுச் சனங்களின் பொருட்களைச் சேர்த்து வைத்திருந்த குடும்பம்.

உங்களுக்கு இது வெறும் தகவலாய் இருக்கும். எனக்கு அப்படி இல்லை. கார்ல் ஹாகன்பெக் மிருகங்களை மட்டும் காட்டவில்லை, மனுசரையும் காட்டினவர். 1880களில் இலங்கையில் இருந்து ஆட்களையும் ஆனைகளையும் சேர்த்துக் கப்பலில் கொண்டுபோய், ஐரோப்பிய ஊர் ஊராய்க் காட்சி வைத்தவர். அவருடைய மாற்றாந்தாய் வழித் தம்பி ஜோன் ஹாகன்பெக் கொழும்பிலேயே இருந்து மிருக வியாபாரம் பார்த்தவர். முதலாம் யுத்தத்தோடு இங்கேயிருந்து வெளிக்கிட வேண்டி வந்தது. ஜெர்மனிக்குப் போன பிறகு அவரும் படக் கம்பெனி வைத்துச் சாகசப் படம் எடுத்தவர்! பிறகு திரும்பி வந்து தெகிவளையில் மிருகங்களை வைத்திருந்தார். அந்தக் கம்பெனி முறிந்து 1936இல் அரசாங்கம் எடுத்ததுதான் இன்றைய தெகிவளை மிருகக்காட்சிச்சாலை. சின்னனில் அப்பாவின்ரை தோளில் இருந்து ஆனை ஆட்டம் பார்த்த இடம். என்ரை பெயருக்கும் அதுதான் காரணம்.

ஆனபடியால் கரிசல்காடு அண்ணை கேட்ட கேள்விக்கு என்ரை பதில் இது. ஹூக் மாதிரி ஒருத்தன் தூர தேசத்துக்குப் போய், ஒரு பெட்டையைக் கூட்டிவந்து தன்ரை வீட்டில் வைத்திருக்கிறதை, ஹாகன்பெக்கின் வளவுக்குள்ளேயே நின்று எடுத்திருக்கினம். எடுத்தவைக்கு அது உறைத்ததோ இல்லையோ, எனக்கு உறைக்குது.

கணக்கன் எழுதியது:

தெகிவளையான், இதை நான் யோசித்துப் பார்த்ததில்லை. நன்றி. ஆனாலும் அது நம் பார்வை, படத்தின் பார்வை இல்லை என்றே சொல்வேன். படம் ஹூக்கை ஓர் இடத்தில்கூடக் குற்றம் சொல்வதில்லை. நேலா செத்ததும் அவனுக்குக் கிடைப்பது பழிவாங்க ஒரு காரணம், இரண்டாம் பாகத்துக்கு ஒரு டிக்கெட்.

சுண்டல்காரி எழுதியது:

நாலாம் காட்சி சார் பேச்சைக் கேட்டு மெதுவாக ஓடும் பிரதியைத் தேடிப் பிடித்து இரண்டு பாகமும் பார்த்துவிட்டேன். தூங்கவில்லை. முதல் பாகம் நிஜமாகவே நன்றாக இருக்கிறது. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இரண்டாம் பாகம் வேறு கதை. புத்தர் தலை வடிவத்தில் ஒரு வைரம், அது கிடைத்தால் ஆசியாவே விடுதலை ஆகிவிடுமாம். சான் பிரான்சிஸ்கோ சீனர் தெருவுக்கு அடியில் ஒரு ரகசிய ஊர். சீனர் என்றாலே கத்தி, அபின், சதி. இந்திய யோகி ஒருவர் வேறு. அதில் ஆசியாவின் விடுதலை என்பது வில்லன் கோஷ்டியின் நோக்கம்! 1920இல் இங்கே ஒத்துழையாமை இயக்கம் தொடங்கப் போகிறது, அங்கே இப்படி ஒரு படம். பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தேன். கடைசியில் ஃபாக்லாந்து தீவில் எரிமலைக் குழியின் விஷப்புகையில் கும்பல் மாட்டிக்கொள்கிறது. முதல் பாகத்தில் தண்ணீர், இதில் புகை. ஒரே பாடத்தை இரண்டு தடவை.

ஒரே ஓர் இடம் பிடித்தது. ஹூக் கப்பலில் திருட்டுத்தனமாகப் போக ஒரு மரப்பெட்டிக்குள் ஒளிந்துகொள்கிறான். உள்ளே முதல் வகுப்பு ரயில் பெட்டி மாதிரி சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறான். பெண்டாட்டி செத்து இவன் பழிவாங்கப் போகிறானா, பிக்னிக் போகிறானா? கரிசல் அண்ணா, உங்கள் கட்சிக்கு இதைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாம் காட்சி எழுதியது:

இரண்டாம் பாகம் அப்படி ஆனதற்குப் பின்னால் ஒரு வருத்தமான கணக்கும் உண்டு. தயாரிப்பாளர் எரிக் பொம்மர் 'காலிகாரி'யை முதலில் லாங்கிடம்தான் கொடுப்பதாக இருந்தார். 'பொன் ஏரி' நன்றாக ஓடியதால், அடுத்த பாகத்தை உடனே எடு என்று லாங்கை இங்கே இழுத்துவிட்டார்கள். 'காலிகாரி' ரோபர்ட் வீனே கைக்குப் போனது. அது சரித்திரமானது. இது 'வைரக் கப்பல்' ஆனது. நன்றாக ஓடியதே தண்டனையாக முடிந்தது பாருங்கள். ஆனால் அந்தக் கூட்டத்தைக் கவனியுங்கள். அரங்கம் அமைத்த ஹெர்மன் வார்ம் 'காலிகாரி'க்கும் வேலை செய்தார், ஓட்டோ ஹுன்டே பின்னால் 'மெட்ரோபோலிஸ்' நகரத்தைக் கட்டினார், கேமரா பிடித்த கார்ல் ஃப்ராய்ண்டும் அதற்குப் போனார். எல்லாரும் இங்கே கை பழகியிருக்கிறார்கள்.

சென்னையில் அதே காலத்தில் என்ன நடந்தது என்று யோசித்தால் வயிறு எரிகிறது. நடராஜ முதலியார் கீழ்ப்பாக்கத்தில் ஸ்டுடியோ போட்டு 'கீசக வதம்' எடுத்தார். தென்னாட்டின் முதல் கதைப்படம். அதில் ஓர் அடி நீளம்கூட இன்று இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் தானாகவே பொடிந்துபோகும், தீ பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். மிஞ்சியதை, அதில் இருக்கிற வெள்ளி உலோகத்துக்காகக் கழுவி விற்றார்கள். எங்கள் அப்பா அவருடைய அப்பாவிடம் கேட்டது: டெண்ட் கொட்டகையில் எடி போலோ என்கிற சாகச நடிகரின் தொடர் படம் ஓடினால் ஊரே போகுமாம். அடுத்த வாரம் என்ன ஆகும் என்று தெரியாமல் தாத்தாவுக்குச் சோறு இறங்காதாம். அவர் பார்த்த ரீலும் இல்லை, உள்ளூரில் எடுத்த ரீலும் இல்லை. 'சிலந்திகள்' கிடைத்ததே அதிர்ஷ்டம். அதனால் அதன் அசட்டுத்தனங்களைக்கூட நான் கொஞ்சம் மன்னித்துவிடுகிறேன்.

இரவுக்கழுகு எழுதியது:

அசட்டுத்தனத்தை மன்னிக்கலாம். சீனர் தெருவை மன்னிக்க முடியாது. அதையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

கரிசல்காடு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். கணக்கன் சாருக்கும் பாதி விட்டுக்கொடுக்கிறேன்: படம் ஹூக்கைக் கேள்வி கேட்கவில்லை, கேட்பது நான்தான். ஆனால் கேட்கிற மாதிரி ஒரு சாவை வைத்துவிட்டுப் போயிருக்கிறதே, அதற்கு மேல் ஒரு வாரத் தொடர் படத்திடம் என்ன எதிர்பார்ப்பது?

சுண்டல்காரி எழுதியது:

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். முதல் பாகத்தை எங்கள் அத்தையும் கூட உட்கார்ந்து பார்த்தார். ஊமைப்படம் என்பதால் காய் நறுக்கிக்கொண்டே பார்க்க வசதியாக இருந்ததாம். எழுத்து வரும்போதெல்லாம் நான் படித்துச் சொன்னேன். பாட்டில், கிளப், பலூன், பூசாரிப் பெண் எல்லாவற்றுக்கும் "ம்" மட்டும்தான். நேலா செத்துக் கிடக்கிற இடம் வந்ததும் அரிவாள்மனையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்டி, இவன் அந்தப் படகுப் போட்டிக்கே போயிருக்கலாமில்ல?" என்றார்.

கணக்கன் எழுதியது:

அத்தையை இழையில் சேருங்கள்.